திறப்பு

கடிதத்தைப் பிரிக்க ஒரு காலத்தில் விரல் ஒன்றே போதுமாக இருந்தது. உறையின் ஓரத்தைக் கிழித்தால் உள்ளே தாள் இருக்கும். எழுத்துத் தெரிந்தவர் வாசிப்பார். தெரியாதவர் தெரிந்தவரிடம் கொண்டு போவார். எண்பதுகளின் கடைசியில், மத்திய கிழக்குக்குப் போனவர்கள் எங்கள் ஊருக்கு எழுதிய கடிதங்களை அயல்வீட்டுப் பெண்களுக்கு உரத்து வாசித்துக் காட்டிய பொடியன்களில் நானும் ஒருவன். எனக்கு அப்போது பத்து வயது இருக்கும். அந்தக் கடிதங்களில் சில இன்றும் சில வீட்டு அலுமாரிகளில் கிடக்கின்றன. எடுத்து விரித்தால் இன்றும் வாசிக்கலாம்.

2000ஆம் ஆண்டுக்குப் பிறகு வந்த கடிதங்களுக்கு விரல் போதாது. திறப்பு வேண்டும். பூட்டு அப்படியே இருக்க, திறப்பு மட்டும் சில வருடங்களுக்கு ஒரு தடவை மாறிக்கொண்டே போகும். எங்கள் எழுத்தாளர்கள் ஒருவருக்கொருவர் எழுதிய கடிதங்கள், சஞ்சிகைகளுக்கு அனுப்பிய கவிதைகள், வெளிநாட்டிலிருந்து வந்த விமர்சனங்கள் என்று ஏறத்தாழப் பத்து வருடத்து எழுத்து அந்தப் பூட்டுக்குள் கிடக்கிறது. இவ்வருடம் அதில் ஒரு சிறு பகுதியைத் திறக்க வேண்டிய பொறுப்பு எனக்கு வந்தது.

என்னோடு ஆசிரியர் கலாசாலையில் இரண்டு வருடம் ஒரே அறையில் இருந்தவன் என் நண்பன். நல்ல கவிஞன். 2003இல் சம்பளமற்ற லீவு எடுத்துக்கொண்டு ரியாத்துக்குப் போனான். ஒரு களஞ்சியத்தில் எழுதுவினைஞர் வேலை. வேலை முடிந்த பிறகு அங்கிருந்த கணினியில் தமிழ் தட்டச்சுச் செய்து பழகினான். பாமினி எழுத்துருவில் கடிதமும் கவிதையும் எழுதி மின்னஞ்சலில் அனுப்புவான். எங்களில் யாருக்கும் அப்போது வீட்டில் கணினி கிடையாது. சந்தியில் இருந்த கொமியூனிகேஷன் கடைதான் எல்லோருக்கும் அஞ்சற்பெட்டி. ஊர் முழுவதற்கும் ஒரே மின்னஞ்சல் முகவரி. கடைப் பொடியன் கடிதங்களை அச்செடுத்து, நான்காக மடித்து, ஸ்டேப்ளர் அடித்து, பெயர் எழுதி வைத்திருப்பான். கல்யாணக் கார்ட் அடிப்பதற்காக அந்தக் கணினியில் பாமினி போட்டிருந்தார்கள். அதனால்தான் நண்பனின் தமிழ் எங்களுக்குத் தமிழாகவே வந்தது.

நான் அப்படிப் பெற்ற கடிதங்களை ஒரு பெட்டியில் போட்டு வைத்திருந்தேன். 2004 டிசம்பர் 26ஆம் திகதி காலையில் கடல் அந்தப் பெட்டியையும் கொண்டு போயிற்று. சுனாமியில் நாட்டிலேயே அதிக உயிர்களை இழந்தது எங்கள் அம்பாறை மாவட்டம். உயிர்களை எண்ணிக்கொண்டிருந்த நாட்களில் கடதாசிகளை யார் நினைத்தார்கள்?

நண்பன் 2012இல் ஊருக்குத் திரும்பினான். லீவுக் காலம் எப்போதோ கடந்திருந்ததால் பழைய தொழில் கிடைக்கவில்லை. போட்டோக் கொப்பிக் கடை ஒன்று போட்டான். 2019இல் சிறுநீரக நோயில் மௌத்தானான். அவனுடைய கவிதைகளில் சஞ்சிகைகளில் வந்தவை மிகச் சில. மீதியெல்லாம் போய்விட்டன என்றே நினைத்திருந்தோம்.

இவ்வருடம் அவனுடைய மகள் என்னைத் தேடி வந்தாள். என்னிடம் படித்த பிள்ளை, இப்போது பல்கலைக்கழகத்தில் இருக்கிறாள். கையில் ஒரு சீடி. அதன் மேல் வாப்பாவின் கையெழுத்தில் "கடிதங்கள்" என்று மட்டும் எழுதியிருந்தது.

"வாப்பாட கடிதம் எல்லாம் இதுக்குள்ளதான் இரிக்கி போல சேர். துறந்து பாக்க ஏலாம இரிக்கி. கவிதையெல்லாம் எடுத்து ஒரு புத்தகமாப் போடோணும்."

சீடி போடும் தட்டு இந்தக் காலத்து மடிக்கணினிகளில் இல்லை. முதல் தடை அதுதான். பழைய பெட்டிக் கணினி ஒன்றை இன்னும் வைத்திருக்கும் ஒரு கடையில் போட்டுப் பார்த்தோம். சீடி என்பதும் காலம் போகப் போகக் கெடுகிற பொருள். எழுதப்பட்ட பக்கத்திலுள்ள சாயம் மங்கினால் கணினிக் கண்ணுக்கு எழுத்துத் தெரியாது. 189 கோப்புகளில் மூன்றை வாசிக்க முடியவில்லை. 186 வந்தன. பென் டிரைவ் ஒன்றில் ஏற்றிக்கொண்டோம்.

இரண்டாவது தடை, கோப்புகளைத் தட்டியதும் வந்தது. "இதை எதனால் திறப்பது?" என்று கணினி எங்களிடமே கேட்டது. ஒவ்வொரு கோப்பின் பெயருக்கும் வாலாக ஈ.எம்.எல். என்ற மூன்று எழுத்துக்கள் இருந்தன. நண்பன் பாவித்தது அவுட்லுக் எக்ஸ்பிரஸ். விண்டோஸ் எக்ஸ்பியோடு வந்த அஞ்சல் மென்பொருள் அது. 2007இல் விஸ்டா வந்தபோது அதன் இடத்தை வேறொன்று பிடித்தது. அதற்குப் பிறகு இன்னொன்று. விண்டோஸ் 10 உடன் வந்த மெயில் செயலியும் 2024 டிசம்பர் 31உடன் ஓய்வு பெற்றுவிட்டது. இருபது வருடத்தில் இத்தனை திறப்புகள்.

ஆனால் என் நண்பன் கெட்டிக்காரன். அவுட்லுக் எக்ஸ்பிரஸ் கடிதங்களைத் தனித்தனியாக வைப்பதில்லை. ஒரு பெட்டியிலுள்ள கடிதங்கள் எல்லாவற்றையும் டி.பி.எக்ஸ். என்ற ஒரே கோப்பில் கட்டி வைக்கும். அதை அப்படியே கொண்டு வந்திருந்தால், அதைப் பிரிப்பதற்கென்றே தனி மென்பொருள் தேட வேண்டியிருந்திருக்கும். அலுவலகங்களில் பாவிக்கும் அவுட்லுக் வேறொன்று. அதிலிருந்து சேமித்தால் எம்.எஸ்.ஜி. என்று வரும். அதற்குள்ளே அறைகள் அறைகளாகப் பிரித்து வைத்திருப்பார்கள். வெறும் கண்ணுக்குத் துண்டு துண்டாகத்தான் எழுத்துத் தெரியும். நண்பனோ ஒவ்வொரு கடிதத்தையும் வெளியே இழுத்துப் போட்டு, ஒரு கடிதத்துக்கு ஒரு கோப்பாக வைத்திருந்தான். ஈ.எம்.எல். என்பது உள்ளே வெறும் எழுத்துத்தான். நோட்பேட்டால் கூடத் திறக்கலாம்.

பிள்ளைக்கு முன்னால் அப்படித்தான் முதலில் திறந்தேன். பாடம் நடத்தும் பழக்கம் விடுமா? மின்னஞ்சல் எப்படி எழுதப்பட வேண்டும் என்பதற்கு 1982இல் டேவிட் குரொக்கர் தொகுத்து வெளியிட்ட விதி ஒன்று இருக்கிறது. பிறகு திருத்தினார்கள், விரித்தார்கள், அடிப்படை மாறவில்லை. முதலில் தலைப்பு வரிகள்: யாரிடமிருந்து, யாருக்கு, எந்தத் திகதி, என்ன விடயம். அதன் பின் ஒரு வெற்று வரி. வெற்று வரிக்குக் கீழே கடிதம். உறையும் தாளும் ஒரே கோப்பில் இருக்கின்றன. இரண்டுக்கும் நடுவே அந்த வெற்று வரிதான் ஒட்டு.

அந்த உறையில் எவ்வளவோ விடயம் கிடந்தது. கோப்புகளின் திகதியைக் கணினியில் பார்த்தால் எல்லாம் ஒரே நாளைக் காட்டின. அது நண்பன் அவற்றை வெளியே எடுத்து வைத்த நாள். உண்மையான திகதி உறைக்குள்ளே இருந்தது, நேரத்தோடு. நான் கடையிலிருந்து அனுப்பிய பதில்களில் நேரத்துக்குப் பின்னால் சக சைபர் ஆறு சைபர் சைபர் என்று இருந்தது. உலகப் பொது நேரத்திலிருந்து ஆறு மணித்தியாலம் முன்னே என்பது அதன் கருத்து. 1996இல் இந்த நாட்டின் கடிகாரத்தை முன்னே தள்ளினார்கள் அல்லவா? 2006 ஏப்ரலில் மறுபடி ஐந்தரைக்குக் கொண்டு வந்தார்கள். பழைய நேரம், புதிய நேரம் என்று வீட்டுக்கு வீடு வாதாடிய அந்தக் காலம் கடிதத்தின் தலையிலே அப்படியே பதிந்து கிடக்கிறது. ரியாத் எப்போதும் மூன்று. 2006க்குப் பிந்திய கடிதங்களில் எங்களுக்கும் அவனுக்கும் இடையில் அரை மணித்தியாலம் குறைந்திருக்கிறது.

வெற்று வரிக்குக் கீழே போனதும் பிள்ளையின் முகம் வாடிவிட்டது. தமிழ் இல்லை. ஆங்கில எழுத்துக்கள் குப்பையாகக் கொட்டிக் கிடந்தன. நடுநடுவே அரைப்புள்ளிகள்.

"பழுதாப் போச்சா சேர்?"

பழுதாகவில்லை. மின்னஞ்சல் விதி எழுதப்பட்டபோது ஆங்கில எழுத்துக்களை மட்டுமே மனதில் வைத்திருந்தார்கள். தமிழ் அந்த வழியால் போவதென்றால் வேடம் போட்டுக்கொண்டுதான் போக வேண்டும். பாமினி அப்படியொரு வேடம். கணினியைப் பொறுத்தவரை அது ஆங்கில எழுத்து. எழுத்துருதான் அதற்குத் தமிழ் முகத்தை மாட்டிவிடுகிறது. மெய்யெழுத்தின் மேல் வைக்கும் புள்ளிக்குப் பாமினியில் அரைப்புள்ளி. அதனால்தான் அத்தனை அரைப்புள்ளிகள். இன்னொரு விசித்திரமும் இருந்தது. சமன் குறி வரவேண்டிய இடமெல்லாம் அதன் பின்னால் 3டி என்று ஒட்டிக்கொண்டிருந்தது. வழியில் எழுத்துச் சிதையாமல் இருக்க அஞ்சல் மென்பொருள் போடும் கட்டு அது. அந்தக் குப்பைக்குள்ளே ஒரு சொல் மட்டும் திரும்பத் திரும்ப வந்தது. எழுத்துரு: பாமினி. எந்தத் திறப்பால் தன்னைத் திறக்க வேண்டும் என்று கடிதமே தன் மேல் எழுதி வைத்திருந்தது.

பாமினியை இறக்கி மடிக்கணினியில் போட்டோம். தண்டர்பேர்ட் என்ற இலவச அஞ்சல் மென்பொருளையும் போட்டோம். 2004 முதல் இருந்து வருவது அது, ஈ.எம்.எல். கோப்புகளைத் திறக்கும். கோப்பின் மேல் வலது பொத்தானை அழுத்தி, அதனால் திற என்றதும் தமிழ் எழுந்து வந்தது. "அன்பின் நண்ப, அஸ்ஸலாமு அலைக்கும்" என்று தொடங்கும் கடிதம். பிள்ளை அழுதாள். நான் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

இன்னொரு கோப்பு, நோட்பேட்டில் பார்த்தபோது பொருளற்ற எழுத்துக்கள் பக்கம் பக்கமாக ஓடிய கோப்பு, படமாக விரிந்தது. படத்தையும் எழுத்தாக மாற்றித்தான் மின்னஞ்சல் கொண்டு போகும். மூன்று பங்குக்கு நான்கு எழுத்தாகும். அதனால் படம் மூன்றில் ஒரு பங்கு கனத்துப் போகிறது. ஆறு பேர் படுக்கும் அறை, இரண்டு அடுக்குக் கட்டில், மேற்கட்டிலில் சாரனோடு நண்பன். மடியில் ஒரு கொப்பி.

2004 டிசம்பர் 26ஆம் திகதிக் கடிதமும் இருந்தது. ரியாத் நேரம் காலை 11.20. இங்கே பிற்பகல் 2.20. ஒரே ஒரு வரி. "யார் இதைப் பார்த்தாலும் எங்கட வீட்டுக்குப் போய்ப் பாருங்க." அன்று அந்தக் கடையில் மின்சாரம் இல்லை, கடைப் பொடியனும் இல்லை. அடுத்த எட்டு நாளும் அதே வரியை அவன் மீண்டும் மீண்டும் அனுப்பியிருக்கிறான். ஒன்பதாம் நாள் நான் அனுப்பிய பதில் அவனுடைய சீடியில் இருக்கிறது. கடல் கொண்டுபோன என் பெட்டியில் இல்லாதவையெல்லாம், என் சொந்த வரிகளும் சேர்ந்து, அங்கே இருந்தன.

கடிதங்களைத் தரம் பிரித்தோம். எனக்கும் அவனுக்கும் இடையில் 94. மற்ற நண்பர்களுக்கு 22. மனைவிக்குக் கடை முகவரியூடாக அனுப்பியவை 61. கவிதைகள் எனக்கும் நண்பர்களுக்கும் எழுதியவற்றுள்தான் இருந்தன: 17 கவிதைகள். ஐந்து எவரும் அறியாதவை. பிள்ளையின் புத்தகத்துக்கு அது போதும். மனைவிக்குப் போன 61ஐயும் நாங்கள் தொடவில்லை.

மீதி ஒன்பது.

அந்த ஒன்பதும் யாருக்குரியவை என்று அறிய உறையை மட்டும் பார்த்தோம். ஒன்பதும் மனைவியின் பெயருக்கு. நமக்கு வந்து சேர்ந்த மின்னஞ்சல் என்றால் அதன் தலையில் ரிசீவ்ட் என்று தொடங்கும் வரிகள் இருக்கும். வழியிலுள்ள தபாற்கந்தோர்கள் குத்திய முத்திரை மாதிரி. அனுப்பியவர் தன்னிடம் வைத்துக்கொண்ட பிரதியில் அவை இராது. அதில் புதினம் இல்லை. ஆனால் இந்த ஒன்பதிலும் வேறெதிலும் இல்லாத ஒரு வரி இருந்தது. எக்ஸ்-அன்சென்ட்: 1. எழுதி முடித்து, அனுப்பாமல், அப்படியே சேமித்து வைத்த கடிதத்தில் அவுட்லுக் எக்ஸ்பிரஸ் போட்டு வைக்கும் அடையாளம் அது. அனுப்பப்படாதது, ஆம் என்பது பொருள்.

காரணம் எனக்கு உடனே விளங்கியது. அந்த முகவரிக்கு வருவதையெல்லாம் கடைப் பொடியன் பார்த்துத்தான் அச்செடுப்பான். புருஷன் மனைவிக்கு எழுதுவதை அவன் கண்ணுக்கு முன்னால் எப்படி அனுப்புவது? ஆகவே கூரைத் தகரமும் பிள்ளையின் பாடசாலைச் செலவும் மாமியின் மருந்தும் 61 கடிதங்களில் போயிருக்கும். சொல்ல நினைத்தது இந்த ஒன்பதில் தங்கிவிட்டது.

கோப்பைத் திறப்பது எனக்கு இரண்டு தட்டு வேலை. பிள்ளை என் முகத்தைப் பார்த்தாள். "சேர், கவிதை இதுக்குள்ளயும் இரிக்கலாமே?" இருக்கலாம்தான். நல்ல கவிதைகளே இருக்கலாம். ஆனால் கடிதம் என்பது பெயர் எழுதப்பட்டவருக்கு உரிய அமானிதம். எழுதியவர் மௌத்தாகிவிட்டதனால் அது எங்களுக்கு உரித்தாகிவிடாது. புத்தகத்துக்கு ஆசைப்படுவோருக்கு இந்த இடத்தில் கால் தடுக்கும். எழுத்தாளரின் கடிதங்கள் என்று அச்சில் வருபவற்றை நானும் ஆவலோடு வாசிப்பவன்தான். ஆனாலும் உறையின் மேலுள்ள பெயரைத் தாண்டிப் போகும் உரிமை வாசகருக்கு இல்லை. அந்தப் பெயருக்கு உரியவர் தந்தால் மட்டுமே உண்டு. நான் சொன்னதைப் பிள்ளை ஏற்றுக்கொண்டாள்.

அச்செடுத்துக் கொடுக்கலாமா என்று யோசித்தேன். அச்செடுக்கிறவன் பார்க்கத்தான் செய்வான். அந்தப் பழைய கதைதான். ஆகவே மடிக்கணினியையே வீட்டுக்குக் கொண்டு போனோம். நண்பனின் மனைவி வட்ஸ்அப்பில் குரல் அனுப்புகிறவர், படம் பார்க்கிறவர். கணினி மட்டும்தான் தொட்டதில்லை. எனக்கு வந்த ஒரு கடிதத்தை வைத்து, எப்படித் திறப்பது, எப்படி மூடுவது, எழுத்தை எப்படிப் பெரிதாக்குவது என்று காட்டினேன். மூன்று தரம் செய்து பார்த்தார். பிறகு அந்த 61ஐ ஒரு கோப்புறையிலும் ஒன்பதை இன்னொன்றிலும் வைத்து, விடயத்தைச் சொன்னேன். "இந்த ஒன்பதும் உங்களுக்கு எழுதி அனுப்பாம வச்சது தங்கச்சி. நாங்க பாக்கல்ல."

வெகு நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அவர் வாய் துறந்து ஒண்டும் சொல்லாத மனிசன் காக்கா," என்றார். பிள்ளையையும் என்னோடு வெளியே போகச் சொன்னார்.

இந்தச் சஞ்சிகையின் வாசகர்களில் பலர் அந்தக் காலத்தில் எழுதத் தொடங்கியவர்கள். உங்கள் வீடுகளிலும் இப்படிச் சீடிகள் இருக்கும், ஓடாத கணினிகளின் வயிற்றில் ஹார்ட் டிஸ்க்குகள் இருக்கும். பழசு எடுக்க வருகிறவனுக்குக் கொடுப்பதற்கு முன் ஒரு முறை திறந்து பாருங்கள். ஈ.எம்.எல். என்றால் எளிது. டி.பி.எக்ஸ்., எம்.எஸ்.ஜி. என்றால் தெரிந்தவரின் உதவி வேண்டும். எழுத்துரு எது என்று உள்ளே பார்த்து, அந்த எழுத்துருவையும் கோப்புகளோடு சேர்த்து வையுங்கள். அது இல்லாவிட்டால் அடுத்த தலைமுறைக்கு மிஞ்சுவது அரைப்புள்ளிகள்தான். வெளியிடத் தக்கவற்றை யுனிகோடுக்கு மாற்றி வையுங்கள். 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் எங்கள் நூல்களையும் சஞ்சிகைகளையும் மின்வடிவில் காத்து வருகிறது. ஆனால் எவருடைய அஞ்சற்பெட்டிக்குள்ளும் அவர்கள் வந்து தேட முடியாது. அது வீட்டாரின் வேலை.

கவிதைப் புத்தகம் தயாராகி வருகிறது. பிள்ளை தட்டச்சுச் செய்ய, நான் மெய்ப்புப் பார்க்கிறேன். ஒன்பது கடிதங்களிலிருந்து அதில் ஒரு வரியும் இல்லை. அவற்றில் என்ன இருந்தது என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. இரண்டு கிழமை கழித்து ரெலிபோன் எடுத்தபோது இவ்வளவுதான் சொன்னார்: எட்டு வாசித்து முடிந்ததாம். ஒன்றைத் திறக்கவில்லையாம்.

"அது அப்படியே இரிக்கட்டும். கெட்டுப் போகாதுதானே காக்கா?"

"கெடாது தங்கச்சி. அஞ்சாறு வருஷத்துக்கு ஒருக்கா வேற இடத்துக்கு மாத்தி வைக்கோணும். அதை நான் மகளுக்குச் சொல்லிக் குடுத்திருக்கன்."